வாரம் ஐந்நூறு கடிதம்

ஹாலிவுட் முழுவதிலும் சினிமாவுக்கு மயங்காத ஒரே மனிதன் நான். கல்லூரிப் பட்டமும் இருந்ததால் ஸ்டூடியோவில் ரசிகர் கடிதப் பிரிவைக் கொடுத்தார்கள். லெனோரா வெய்லின் புகைப்படங்களில் அவர் கையெழுத்தை அவரைவிட அழகாகப் போடுவது என் உத்தியோகம். நாலு வருஷமாக பாதி அமெரிக்கா என் கையெழுத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியது. நடிகைக்குக் கடிதம் எழுதுகிறவனை முட்டாள் என்பதே மரியாதை.

பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. ரஷ்யப் பிரபுவின் மகள் என்று நாங்கள் விளம்பரம் செய்திருந்த லெனோரா, வாயைத் திறந்ததும் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்து மகளாகிவிட்டார். கடிதங்கள் சரிந்தன. வாரம் ஐந்நூறு வராத நடிகைக்கு ஒப்பந்தம் நீளாது என்பது ஸ்டூடியோ வழக்கம். அவருடையது முடிய ஒரு மாதம் இருந்தது.

திடீரென்று கடிதங்கள் வாரம் ஐந்நூறுக்கு ஏறின. அயோவாவிலிருந்து ஒரு விதவை, டெக்ஸாஸிலிருந்து ஒரு பல் டாக்டர். அத்தனையிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் முத்திரை. எழுத்தோ, நான் நாலு வருஷமாகப் பார்த்துப் போடும் லெனோராவின் அதே எழுத்து.

இப்படி ஒரு வேடிக்கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கேன்டீனில் சூப் ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன். மேஜையே சிரித்தது. மேலாளர் கிரிட்லியும் சிரித்தார். பிறகு கேட்டார்:

"அவளே எழுதினது எத்தனை இருக்கும், காலேஜு?"

"முந்நூறு இருக்கும் சார்."

"அப்ப நெசமா வந்தது?"

எனக்குக் கழித்தல் நன்றாக வரும். சொன்னேன்.

ஒப்பந்தம் நீளாமல் முடிந்த சனிக்கிழமை லெனோரா தன் அறையைக் காலி செய்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். கடிதம் வந்தால் அனுப்பச் சொல்லி, அக்கா வீட்டு விலாசத்தை வைத்தார். விரலில் மசிக்கறை.

"அந்தப் பல் டாக்டர் எப்படி இருந்தாரு?"

"நல்லா எழுதியிருந்தாரு மேடம்."

"அவருக்கு மட்டும் ரெண்டு பக்கம். என்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்லப்பா."

அவர் போனபின் அவர் படங்கள் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. கையெழுத்துப் போட ஆள் நான்தான். போடவில்லை. ஒரு படத்தை உறையில் வைத்து, அக்கா வீட்டு விலாசம் எழுதி, கூடவே ஒரு தாளை எடுத்தேன்.

'அன்புள்ள மிஸ் வெய்ல், இந்தப் படத்தில் தங்கள் கையாலேயே கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா?'

இரண்டு பக்கம் வந்தது.