ஒரே எண்ணில் இரண்டு புத்தகம்

எல்லாம் சோம்பேறித்தனத்தில் தொடங்கியது. அனிலுக்குப் பாறசாலையில் ஒரு சின்ன அச்சகம், அதோடு ஒட்டிய சின்னப் பதிப்பகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக ஐ.எஸ்.பி.என் எண் வாங்க வேண்டும், விண்ணப்பித்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். நண்பன் விஜயதாஸோ தன் கவிதைத் தொகுப்பு திருச்சபையின் ஆண்டுவிழாவுக்குள் வந்தாக வேண்டும் என்று உயிரை வாங்கினான். தன் பதிப்பகத்தில் விற்றுத் தீர்ந்த பழைய புத்தகம் ஒன்றின் எண்ணை எடுத்துப் பின்னட்டையில் போட்டு அனுப்பிவிட்டான் அனில். எண்ணையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பழைய புத்தகம்தான் வில்லங்கம். கள்ளிக்காட்டில் நடந்த ஒரு கொலையைப் பற்றியது. கொன்றவன் இன்னான் என்று ஊர் முணுமுணுத்ததை அப்படியே பேர் போட்டு எழுதியிருந்தது. புத்தகம் வந்த மாதமே அந்த மனுஷன் ரப்பர் மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். பிறகு போலீஸ் பிடித்தது வேறொருவனை. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. எழுதியது அனில்தான் என்பது அனிலைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன மாதம் நெய்யாற்றின்கரைப் பக்கத்து நூலகம் ஒன்று தன் புத்தகங்களை இணையத்தில் ஏற்றியது. தலைப்பையும் எண்ணையும் தட்டினால் போதும், எங்கோ இருக்கிற இணையச் சேவை அந்த எண்ணுக்குரிய ஆசிரியரின் பெயரையும் படத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த எண்ணில் ஆசிரியர் பெயரோடு இருந்தது கவிதைத் தொகுப்பு மட்டும்தான்; கொலைப் புத்தகத்தின் கீழே விஜயதாஸின் பெயரும் சிரித்த முகமும் வந்து உட்கார்ந்தன. தூக்குப் போட்டுக்கொண்டவரின் மகன்கள் ராஜதாஸும் லிபினும் அதைப் பார்த்தார்கள்.

விஜயதாஸ் அச்சகத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வந்தார்கள். முதல் அடியில் கிளாஸ் உடைந்து வாய் கிழிந்தது. லிபின் அவன் தலையை மேசையில் அமுக்கி, வலது கையை இழுத்து விரித்தான்.

"இந்தக் கையாலெ தானலே எனக்க அப்பனெ எழுதினே?" என்றான் ராஜதாஸ். கையில் இரும்புக் கம்பி.

"நான் கவிதெ மட்டுமாக்கும் எழுதினது! சத்தியமாட்டு, அண்ணா!"

ராஜதாஸ் போனை அவன் முகத்தில் இடித்தான். "பின்னெ இது ஆருக்க பேருலே?"

கம்பி இறங்கியது. விரல் ஒடிந்த சத்தம் அனிலுக்குத் தெளிவாகக் கேட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். வெட்கங்கெட்ட பயம், வேறென்ன சொல்ல. இரண்டாவது விரலும் போன பிறகுதான் அவனுக்குக் குரலே வந்தது.

"அவனெ விடுங்க! அதெ எழுதினது நானாக்கும்! ஒரே நம்பரெ ரெண்டு புக்குக்கும் போட்டதும் நானாக்கும்!"

ராஜதாஸ் திரும்பினான். ராஜதாஸ் கிட்டே வந்து, கிட்டத்தட்ட அன்பாகவே, அவன் தோளைத் தட்டினான்.

"கூட்டுக்காரனெ காப்பாத்த நீ கள்ளம் சொல்லுதே மக்கா. தள்ளி நில்லு. நெட்டுல கெடக்குது, நாங்க பாத்தாச்சு."

அனில் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். லிபின் எட்டி உதைத்ததில் காகிதக் கட்டுகளின்மேல் போய் விழுந்தான். கம்பி மறுபடியும் உயர்ந்தது. அவன் சொன்னதை அந்த அறையில் நம்பியவன் ஒருவன்தான். மேசையில் கன்னம் அழுந்தக் கிடந்த விஜயதாஸ், கத்துவதைக்கூட நிறுத்திவிட்டு, அனிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.