ஒரு நாள் முந்திய மழை

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏலாக்குறிச்சிப் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்த ஆரோக்கிய செல்வி, திங்கள்கிழமை சாயங்காலம் பள்ளியைப் பூட்டும் முன் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியைப் பார்த்தாள். தினமும் காலை பத்து மணிக்கு அழுத்தம் உச்சத்துக்குப் போகும். நாலு மணிக்கு இறங்கும். பிறகு மெல்ல ஏறும். அன்று ஆறு மணியாகியும் முள் ஏறவில்லை.

வேறு சில மாற்றங்களையும் அவள் இரண்டு நாளாகக் கவனித்து வந்தாள். எட்டு மணி வரை வயல்மேல் கிடக்கும் பனிமூட்டம் காணாமல் போயிருந்தது. காற்று வடகிழக்கை விட்டு நேர் கிழக்குக்குத் திரும்பியிருந்தது. மத்தியானம் சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியது. செல்போனில் பார்த்த செயற்கைக்கோள் படத்தில், இலங்கைக்குக் கிழக்கே மேகம் திரண்டிருந்தது. அது நகர்ந்து வரும் வேகத்தைக் கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் என்று வந்தது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். ஜான் பீட்டருக்கு மூன்று ஏக்கர் சம்பா நெல், அறுப்புக்குத் தயாராக நின்றது.

"வியாழக்கெழம சாயங்காலம் மழ வரும்டா. பெருசாவே வரும்."

"அறுப்பு மிஷின் நமக்கு சனிக்கெழமதான்னு சொல்லிட்டாங்களே" என்றான் அவன். "நல்லாத் தெரியுமாக்கா?"

"அழுத்தம் ஏறவே மாட்டேங்குது. காத்தும் திரும்பிடுச்சு."

"அப்ப கையாலயே அறுத்துடுவோம். நாளைக்கும் நாளான்னிக்கும் அறுத்துப்புட்டா, வியாழக்கெழம காலையில கட்டு கட்டி அடிச்சிடலாம்."

அவன் மனைவி சுபா தயங்கினாள். "நிக்கிற பயிரு நனைஞ்சா பாதியாவது தேறும் அண்ணி. அறுத்துப் போட்டது நனைஞ்சா ஒண்ணுமே மிஞ்சாது."

"அக்கா சொல்லி எது தப்பிருக்கு?" என்றான் ஜான் பீட்டர். செல்விக்கு அந்த வார்த்தை கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பிறகு நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பதினான்கு பேர் இறங்கினார்கள். பக்கத்து வயல்காரர் அமிர்தலிங்கம் வரப்பில் நின்று பார்த்தார். "நான் மிஷினுக்கே காத்திருக்கேன்ப்பா. வர்றது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏக்கர் முடிந்தது. தாள் காய்வதற்காக நெல்லை வயலிலேயே வரிசை வரிசையாகப் பரப்பிப் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் செல்வி ஆறாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பறை சட்டென்று மங்கியது. வெளியே வந்து கிழக்கே பார்த்தாள். ஆற்றங்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. அவசரமாகப் படத்தைத் திறந்தாள். அவள் கணக்குப் போட்ட மேகக்கூட்டம் இன்னும் இலங்கைக்கு அருகிலேயே நின்றது. ஆனால் அதற்கு முன்னால் கிழக்குக் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு தனியாக ஓடிவந்திருந்தது. காலையில் படத்தில் கடல்மேல் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது அதுதான். அவள் அதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

தம்பிக்குப் போன் செய்தாள். "உடனே கட்டுடா. இப்பவே வருது."

"நாளைக்கின்னியேக்கா?"

"முந்திக்கிச்சுடா. கட்டு, கட்டு."

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பாதி வழியிலேயே முதல் துளிகள் விழுந்தன. வயலை எட்டியபோது கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அறுத்த மிச்ச ஏக்கரும் தரையில்தான் கிடந்தது. பெண்கள் நனைந்த தாளை அள்ளி அள்ளி வரப்பில் குவித்தார்கள். இருந்தவை இரண்டு தார்ப்பாய்கள். அவை ஒரு மூலையை மூடக்கூடக் காணவில்லை. செல்வி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். வாரியது கையில் கனத்தது. கதிரிலிருந்து நெல் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியதும், "போதும், ஏறுங்க எல்லாரும்" என்றான் ஜான் பீட்டர்.

வெள்ளிக்கிழமை காலை வரை மழை விடவில்லை. பள்ளி மொட்டைமாடி மழைமானியில் பதினெட்டு சென்டிமீட்டர் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செல்வி வயலுக்குப் போனாள். நெல்மணிகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. புளித்த வாடை அடித்தது. அமிர்தலிங்கத்தின் பயிர் சாய்ந்து கிடந்தது. நாலு நாளில் சேற்றில் இறங்கும் செயின் மிஷின் வந்து பாதியை எடுத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

"மழ மொத்தமா ஒரே மேகத்துல வரும்னு நெனச்சேன்டா" என்று ஆரம்பித்தாள். "முன்னாடி வந்த காத்த நான் கணக்குல எடுக்கல. அந்த..."

"மழ வரும்னே. வந்துச்சு" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. "நீ தப்பா ஒண்ணும் சொல்லலக்கா."

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவன் மாடுகளை அவிழ்த்து வயலுக்குள் விட்டான். அவை மேல்தாளை இரண்டு வாய் மேய்ந்துவிட்டு வரப்புப் புல்லுக்குத் திரும்பிக்கொண்டன.

மாசியில் ஜான் பீட்டர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். வயலைக் குத்தகைக்கு விடப் பார்த்தும் யாரும் வரவில்லை. ஒரு நாள் சுபா செல்வியின் பள்ளிக்கே வந்தாள். வேலிக்கு வெளியில் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவருகிட்ட இனிமே மழையப் பத்தி எதுவும் சொல்லாதீங்க அண்ணி. நீங்க சொன்னா நம்பிடுவாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"சொல்லமாட்டேன்" என்றாள் செல்வி.

சுபா வெயிலில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவளைக் கூப்பிட்டு வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று செல்விக்குத் தோன்றியது. சுவரிலிருந்த காற்றழுத்தமானியைப் பார்க்காமலே கடந்து வகுப்புக்குப் போனாள்.