இடது முன்சக்கரம்

அந்த நர்ஸ் மூன்றாவது முறையாகக் காரைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தியபோது மெக்கானிக்குக்குக் கை கால் ஓடவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால்தான் அவளுடைய சின்னக் காருக்கு முன்பக்க பிரேக் பேட் மாற்றிக் கொடுத்திருந்தார். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் துடைத்து மருந்து கட்டுகிறவள் அவள். கார் இல்லாவிட்டால் வேலையே இல்லை.

"அண்ணே, அதே சத்தம்தான். இடது முன்சக்கரம். கீச்சு கீச்சுன்னு காதக் குடையுது. ஒரு வீட்டுல பெரியவரு, நீ தெருமுனை திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சும்மான்னு சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல. திடீர்னு பிரேக் புடிக்கலன்னா?"

"புதுப் பேட் கொஞ்ச நாள் அப்படித்தான் கத்தும் சிஸ்டர். பழகிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

முதல் தடவை அவள் வந்தபோது பேடின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். இரண்டாவது தடவை பேடையே மாற்றினார். இரண்டு தடவையும் ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இருபத்தேழு வருஷத் தொழில். அந்த வட்டாரத்தில் அவருக்கு 'ஸ்டெதாஸ்கோப்' என்று பெயர். வண்டி உள்ளே நுழையும்போதே, பானெட்டைத் திறக்காமல், பெல்ட்டா பேரிங்கா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் ஆறேழு மாதமாகக் காலை வாரிக்கொண்டிருந்தது. லாரி இரைச்சல், சுத்தியல் அடி எல்லாம் கேட்டன. மெல்லிசாக, கூராக வரும் சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. போன மாதம் குக்கர் கருகியபோது மனைவி, "எட்டு விசிலாவது வந்திருக்கும். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். ஏதோ யோசனையில் இருந்துவிட்டதாக மழுப்பினார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. காது போன மெக்கானிக்கிடம் யார் வண்டி விடுவார்கள்?

"நீங்க ஓட்டுங்க சிஸ்டர். நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்" என்றார். வேறு வழி தெரியவில்லை.

மார்க்கெட் தெருவைத் தாண்டி, சுவர் ஓரமாக அவள் மெதுவாக ஓட்டினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். காற்று இரைந்தது. டயர் உருளும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். வா, ஒரே ஒரு தடவை வா என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

"இதோ, கேக்குதா?"

"ம், கேக்குது."

"இப்ப நின்னுடுச்சு."

"ஆமா, இப்ப நின்னுடுச்சு."

அவள் காரை ஓரம் கட்டினாள். திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நிக்கலண்ணே. சும்மா சொல்லிப் பாத்தேன். இந்த நிமிஷம் வரைக்கும் கத்திக்கிட்டேதான் வந்துச்சு."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கிரீஸ் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எத்தன நாளா?"

"ஆறு மாசம் இருக்கும். வெளிய சொல்லிடாதீங்க சிஸ்டர். உங்க கால்ல வேணா விழறேன்."

"கால்ல விழறது இருக்கட்டும். ஒன்பது நாளா இந்த வண்டியிலதானே நான் ஓடிக்கிட்டிருக்கேன்? என் உசுரு என்ன உங்களுக்கு விளையாட்டா?"

"வண்டிய ஷெட்டுக்குத் திருப்புங்க சிஸ்டர்" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பின்கட்டு வீட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். சோப்பு நுரை காயாத கையோடு வந்தாள். அவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பேட் கவ்விப் பிடிக்கும் வட்ட டிஸ்க் வெளியே தெரிந்தது.

"நான் இந்த டிஸ்க்கச் சுத்துறேன். கீச்சுன்னு வந்தா 'வருது'ன்னு சொல்லு. எனக்கு..."

"தெரியும். குக்கர் கருகுன அன்னிக்கே தெரியும். கேட்டா வள்ளுனு விழுவீங்கன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். சுத்துங்க."

அவள் குத்துக்காலிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள். அவர் மெல்லச் சுற்றினார்.

"வருது. இல்ல. இல்ல. வருது."

ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. அப்படியானால் பேட் இல்லை. டார்ச்சை வாங்கி டிஸ்க்குக்குப் பின்னால் அடித்தார். தூசி படியாமல் காக்கும் தகடு ஓரிடத்தில் லேசாக வளைந்திருந்தது. அதன் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு பளபளப்பு. பேட் மாற்றும்போது அவர் கைதான் இடித்து வளைத்திருக்க வேண்டும். குனிந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். காதையே நம்பி வாழ்ந்தவருக்குக் கண்ணால் தேடத் தோன்றவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பினார். சுற்றினார்.

"போச்சு" என்றாள் மனைவி. "சுத்தமா இல்ல."

"பயப்பட ஒண்ணுமில்ல சிஸ்டர். வெறும் தகடுதான். பிரேக் நல்லாருக்கு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "சரிண்ணே. இந்த ஆறு மாசத்துல வேற யாருக்கெல்லாம் பிரேக் பாத்தீங்க?"

நாலு வண்டிகள். கடைசியாக, இரண்டு வாரத்துக்கு முன்னால் பார்த்தது பள்ளிக்கூட வேன். இருபது பிள்ளைகள் ஏறுகிற வேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. மூன்று மணிக்குப் பள்ளி விடும்.

வேன் டிரைவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வேன்ல முன்னாடி ஏதாச்சும் சத்தம் வருதா?"

"இப்பத்தான் ஸ்கூல் வாசல்ல வந்து நிறுத்துனேன். விசிலடிக்கிற மாதிரி ஒண்ணு வருதுண்ணே, ரெண்டு நாளா. புதுப் பேட்டுன்னா அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எறங்கி, சத்தம் வர்ற சக்கரத்துக்கிட்ட கையக் கொண்டுபோ. தொட்டுடாத."

வேன் கதவு திறந்து மூடும் சத்தம் வந்தது.

"அடுப்பு மாதிரி அனலடிக்குதுண்ணே. கருகுன வாடை வேற."

"வண்டிய எடுக்காத! ஒரு புள்ளயையும் ஏத்தாத! நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

நர்ஸ் காரின் சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் நட்டு இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. நர்ஸ்தான் ஓட்டினாள். மனைவி டூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவர், "ஏத்தியிருக்க மாட்டான், ஏத்தியிருக்க மாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஏற்றவில்லை. பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய சின்னக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதனால் ஒரு பேட் டிஸ்க்கை விடாமல் கவ்வியபடியே தேய்ந்து, இரும்பு தெரிகிற நிலைக்கு வந்திருந்தது. அந்தக் கம்பியைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவாமல் பேடை மட்டும் மாற்றி அனுப்பியவர் அவர்தான். முன்பென்றால் ஓட்டிப் பார்க்கும்போதே அந்த உரசலைக் காது காட்டிக்கொடுத்திருக்கும். இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒருவர், "என்ன ஸ்டெதாஸ்கோப், வேனுக்கு என்ன?" என்று கேட்டார்.

ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் தப்புங்க. எனக்குக் காது சரியாக் கேக்கல. அது தெரிஞ்சும் வேலை பாத்தேன்."

அந்த ஆள் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

நர்ஸ் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். கிளம்பும் முன், "காது டாக்டரப் பாருங்கண்ணே. தள்ளிப்போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். கோபம் இன்னும் அவள் குரலில் இருந்தது.

மீதி மூன்று பேருக்கும் அங்கேயே உட்கார்ந்து ஃபோன் போட்டார். முதல் ஆள் வண்டியை விற்றுவிட்டிருந்தார். வாங்கியவருடைய நம்பரைக் கேட்டு மனைவி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது ஆள் சாயங்காலமே கொண்டுவருவதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார்.

"சத்தமா? ஒண்ணுமில்லையே. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது."

"இருந்தாலும் நாளைக்குக் காலையில கொண்டாங்க" என்றார் மெக்கானிக். "நான் கழட்டிப் பாக்கணும். என் வீட்டம்மா கேட்டுப் பாக்கணும்."