வைக்கிங் தலைவனின் மூச்சு

காலை ஒன்பதரை மணிக்கு அனுப்ரியா கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜானு மாமி திறந்ததும், பத்து மணிக்கு அந்த வைக்கிங் தொடரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மாடியில் சாவை வைத்துக்கொண்டு கீழே டிவி பார்ப்போமா என்று மாமி கண்கலங்கினாள். பக்கத்து ஹபீபுர் ரஹ்மான் வீட்டிலும் அதையே சொன்னார்கள். எதிர்ச்சாரி டீக்கடையில்தான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அப்பாவின் வாயை மூடத்தான் தி.நகரின் அந்தத் தெருவில் அவள் வீடு வீடாகப் படி ஏறி இறங்கினாள்.

அப்பா வெள்ளைத்துரை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. பன்னிரண்டு மணிக்குக் கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்கு எடுப்பதாக ஏற்பாடு. திருநெல்வேலியிலிருந்து நடிக்க வந்து, முகம் எடுபடாமல், முப்பது வருஷம் டப்பிங் பேசிக் காலம் தள்ளியவர். போலீஸ்காரனுக்கு, அடியாளுக்கு, ஒரு தடவை கரடிக்குக்கூடக் குரல் கொடுத்திருக்கிறார். கடைசியில்தான் இந்த வைக்கிங் தொடரில் தலைவன் வேஷம் வாய்த்தது. நீளக் கப்பலில் வந்து கரையோர மடங்களைச் சூறையாடும் கடற்கொள்ளைக்காரன் ஊல்ஃப். அவன் தலையிலிருந்த கொம்பைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. நிஜ வைக்கிங் எவனும் கொம்பு வைத்ததில்லையாம், எங்கேயோ படித்திருந்தார்.

இன்று ஊல்ஃப் சாகிற பாகம்.

புதன்கிழமை அதைப் பேசும்போது அனுதான் துணைக்குப் போயிருந்தாள். கடற்கரையில் குத்துப்பட்டுக் கிடக்கிற தலைவன் வாளைக் கேட்டு மூச்சுத் திணறுகிற இடம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த டைரக்டர், பிரமாதம், இன்னொரு டேக் வேண்டாம் என்றார். அப்பா நெஞ்சைப் பிடித்தபடி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவிடம் சொல்லக் கூடாது, திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவளும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை நாளைக்கு. சொல்லியிருந்தால் அப்பா இருந்திருப்பார்.

அம்மா இசக்கியம்மாளுக்கு அப்பாவின் மூச்சு அத்துப்படி. ஞாயிறுதோறும் டிவி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள்; இங்கே முந்திவிட்டது, அங்கே குரல் கம்மியது என்று குற்றம் சொல்லுவாள். தெருவிலிருந்து அந்தத் திணறல் காதில் விழுந்தால் நடிப்பா நிஜமா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு யாரிடம் கேட்பாள்?

அனு மூச்சிரைக்க மேலே வந்தபோது பத்தாக இரண்டு நிமிஷம். தெருவே அடங்கியிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஏட்டி, ஒரு வீட்டுலயும் சத்தத்தக் காணோம். மணி பத்தாச்சுல்லா, போடு" என்றாள் அம்மா.

கரண்ட் இல்லை என்றாள் அனு. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் டிவியா என்று அத்தை முணுமுணுத்தாள்.

"அவிய பேசினத நான் கேக்காம அவியள எப்படி அனுப்புவேன்?"

அனு டிவியை மூடியிருந்த போர்வையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிக் காட்சி வந்தது. "என் வாளைக் கொடுங்கள். படுக்கையில் சாகப் பிறந்தவன் அல்ல நான்." அப்பாவின் குரல்தான். இடையிடையே அந்த இழுப்பு. கூடத்தில் விசும்பல்கள் கிளம்பின. அம்மா ஒரு விரலைத் தூக்கினாள், எல்லாம் நின்றது. ஊல்ஃப் செத்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"புதன்கிழமை நீதான கூடப் போன?"

"ஆமாம்மா."

அனு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?"

"சோடா வாங்கிக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாங்க."

"அவிய என்னைக்கு முழுசாக் குடிச்சாவ" என்றாள் அம்மா.

பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அனு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.