கீழே நின்ற இருவர்

அந்த மாத்திரை அட்டை மட்டும் கையில் தட்டுப்படாமல் இருந்திருந்தால், அவள் பாட்டுக்குப் போய்விட்டு அவள் பாட்டுக்குத் திரும்பி வந்திருப்பாள். சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர்கள் பையைத் தடவிப் பார்க்காமல் இருப்பார்களா? தடவினாள். வாந்தி வராமல் இருக்கப் போடுகிற மாத்திரை. அட்டையில் பாதி காலியாகியிருந்தது.

பஸ்ஸுக்கா என்று கணவரைக் கேட்டாள். மகள் இருக்கிறாளா என்று அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பஸ்ஸுக்கு இல்லை, ராட்டினத்துக்கு. சுற்றுகிற எதுவும் அவருக்கு ஆகாது. சுழல் நாற்காலியில் அரைச் சுற்று திரும்பினால்கூட வயிற்றைப் புரட்டும். இத்தனைக்கும் மனிதர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் நாளெல்லாம் தொங்குவார், ஒன்றும் செய்யாது. மேலே போ என்றால் போவார், கீழே வா என்றால் வருவார். சுற்று என்று மட்டும் சொல்லக்கூடாது.

“பாப்பாவுக்காகத்தான் ஏறுறேன்,” என்றார். “அவங்க அம்மா நெனப்பு அவளுக்கு அதுலதான் இருக்கு. நான் வரலேன்னா உடைஞ்சு போயிடுவா. நீ ஒண்ணும் காட்டிக்காதே.”

காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியை இழந்தவரின் வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை தனி அறை, தனிச் சாவி, ஒருத்திக்கு மட்டும் சமையல். பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சை வைத்து, மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக நட்டு, முகம் தெரியாதவர்கள் சிரிப்பதற்கு ஏற்பாடு செய்வாள். இந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த முதல் மனைவியின் படத்திலும் அவள் கண் முதலில் போனது பல்லுக்குத்தான். சங்கிலியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு, கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிற பெண். மேல்வரிசைக் கோரைப்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. தொழில் புத்தி உடனே அதை நேராக்கப் பார்த்தது. சும்மா இரு என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் பிறந்தநாள் இன்று. அவள் போன பிறகு வருஷா வருஷம் இந்த நாளில் அப்பாவும் மகளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வெளியே இருக்கிற தீம் பார்க்குக்குப் போவார்கள். அவளுக்கு உயிரான இடம் அது. அங்கே அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, குடை ராட்டினம். வானத்தளவு குடையை விரித்து, விளிம்பைச் சுற்றிலும் சங்கிலி கட்டி நாற்காலிகளைத் தொங்கவிட்டு, குடையைச் சுழற்றினால் எப்படி இருக்கும்? அதுதான். இருவரும் அதில் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இந்த வருஷம், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே மகள் சொன்னாள், சித்தியும் வரட்டும்பா என்று. வளர்ந்த பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஆனால் திறந்திருக்கிற கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் பேசுவாள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில் சித்திக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், அங்கே மகள் சுவரைப் பார்த்து நின்று எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் பச்சை அட்டை. அதே மாத்திரை. மகளுக்குத் தெரியக்கூடாதென்று அப்பா வேறு கடையில் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி,” என்றாள். “அதுல ஏறினா எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனா அப்பா வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கார். நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

சித்தி திருதிருவென்று விழித்தாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளாக இருந்திருந்தால் இரண்டு பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, இரண்டு அட்டையையும் நடுவில் போட்டு, வயிறு வலிக்கச் சிரித்திருக்கலாம். இவள் நேற்று வந்தவள். இவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? குடை ராட்டினம் நின்றுபோகும். அதோடு அந்த நாளும் நின்றுபோகும். முதல் மனைவிக்கென்று அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே நாளை, வந்த வருஷமே இரண்டாம் மனைவி நிறுத்திவிட்டாள் என்று ஆகும். அடிமடியில் கை வைத்தவளை யார் மன்னிப்பார்கள்? யாரும் சொல்லமாட்டார்கள்தான். ஆனால் கதவைத் தட்டுகிற அந்தப் பெண் அப்புறம் தட்டவும் மாட்டாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள்.

பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் அவர், இந்த ஓரம் மகள், நடுவில் இவள். அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. வாந்தியை நிறுத்தும், கூடவே ஆளையும் சாய்த்துவிடும். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவர் தலை இவள் இடது தோளில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மகளின் தலையும் மெல்லச் சரிந்து சரிந்து வலது தோளுக்கு வந்துவிட்டது. இவள் மூச்சைக்கூட அளந்து விட்டாள். வெளியே மூடுபனி. மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கை மரத்துப்போனது, இருந்தாலும் அசையவில்லை. இந்தப் பயணம் முடியாமலே போகட்டும் என்று ஆசையாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அன்னிக்கு முழுக்கப் பாப்பா வாயே திறக்கமாட்டா, அவ்வளவு துக்கம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா கண்ணை மூடி அம்மாவையே நினைச்சிட்டிருப்பார் என்று மகளும் சொல்லியிருக்கிறாள். துக்கமாவது ஒன்றாவது! இரண்டு பேரும் தூங்கி வழிந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய ஒரே நாளையும் இத்தனை வருஷமாக அரைத் தூக்கத்தில் கழித்திருக்கிறார்கள். இவளுக்குச் சிரிப்பு பொங்கிவந்தது. தோள் குலுங்கினால் விழித்துக்கொள்வார்களே என்று உதட்டைக் கடித்தாள். கடித்த வேகத்தில் கண் கலங்கிவிட்டது.

வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனபோதும் பனி விலகவில்லை. வேலை நாள், கூட்டமே இல்லை. பகலிலேயே விளக்குகளைப் போட்டிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளைப் பனியில் ஊறி, எந்த விளக்கு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் காற்றே நிறம் நிறமாக நின்றது. எங்கிருந்தோ வாத்தியச் சத்தம், போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மெத்தென்று வந்தது. ஆளில்லாத குட்டி ரயில் ஒன்று அவர்களைக் கடந்துபோனது. அப்பாவும் மகளும் கை கோத்துக்கொண்டு, காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். இவள் பின்னால் போனாள். மூன்று பேரும் ஒரே கனவுக்குள் நுழைந்துவிட்டதாகவும், அது யாருடைய கனவென்று மட்டும் தெரியவில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது.

குடை ராட்டினம் பனிக்குள் பாதி மறைந்து நின்றது. மழைக்கோட்டு போட்ட ராட்டினக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டு, வந்தால் சுற்றுகிறேன் என்றார். கணவர் கையில் மூன்று டிக்கெட். வந்ததும் மகளோடு பெஞ்சில் சரிந்திருந்தவர் தூணைப் பிடித்து எழுந்தார். மகளும் எழுந்தாள். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் தைரியமாகச் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பைத்தான் இவளால் பொறுக்க முடியவில்லை. மெழுகில் பல் நட்டுக் கொடுத்தாலே அதைவிட நன்றாகச் சிரிப்பார்கள்.

கூடத்தில் இருக்கிற அந்தப் படத்தை யார் எடுத்தது என்று கேட்டாள். நான்தான் என்றார் கணவர். எங்கே நின்று? இதே தூண் பக்கத்தில் நின்றுதான். மகளும் தூக்கக் கலக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். அம்மாவின் பை எப்போதும் மகள் கையில் இருக்கும், செருப்பு அப்பா கையில். அம்மா இறங்கி வருவாள், இன்னொரு தடவை என்று மறுபடி ஓடுவாள். இவர்கள் கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்து நிற்பார்கள். அம்மா இருந்தவரை இருவரும் ஒருநாளும் ஏறியதில்லை.

நாக்கு நுனியில் வைத்திருந்தது அதற்குமேல் நிற்கவில்லை.

“அவங்க செஞ்சதை நீங்க செய்யறீங்க,” என்றாள். “நீங்க செஞ்சதை யாருமே செய்யலையே. ரெண்டு பேருக்குமே இது ஆகாது. ரெண்டு பேருமே மாத்திரை போட்டுட்டு வந்திருக்கீங்க.”

ராட்டினக்காரர் கூடக் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டார். அப்பா மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தாள்.

“நம்பித்தானே சொன்னேன் சித்தி,” என்றாள். அவ்வளவுதான். கையை உதறிக்கொண்டு பனிக்குள் நடந்துவிட்டாள்.

எல்லாம் போயிற்று என்று இவள் நினைத்தாள். பஸ்ஸில் தோளில் கிடந்த கனத்தைத் தேடி இடது கையால் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கணவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மொத வருஷம் கீழதான் நின்னோம். இங்கேயேதான். மேல பாத்தா அவ இல்ல. காலி நாற்காலியா சுத்திச்சு. அதைப் பாக்க முடியாமத்தான் ஏறிட்டோம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இது தெரியாமல் பெரிய புத்திசாலிபோல நியாயம் பேசிவிட்டோமே என்று குன்றிப்போனாள். மயக்கமும் வாந்தியும் எவ்வளவோ மேல் என்று எதிலிருந்து தப்பித்து இவர்கள் அந்த நாற்காலியில் போய் ஒளிந்தார்களோ, அந்த இடத்திலேயே இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறாள். வீட்டுக்குப் போயிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

பனிக்குள்ளிருந்து மகள் வந்தாள். அப்பா சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது. அப்பாவைத் தாண்டி நேரே இவளிடம் வந்து நின்று, கையை நீட்டினாள்.

“பையைக் குடுங்க சித்தி.”

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தோளில் மாட்டியிருந்த பையை மகளே கழற்றி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவர் டிக்கெட்டில் ஒன்றை இவள் கையில் வைத்தார். அப்புறம் குனிந்து, மேலே போனா கழண்டு விழுந்துடும் என்று முணுமுணுத்துக்கொண்டே இவள் செருப்பைக் கழற்றினார். பழக்கமில்லையே, பயமாயிருக்கே என்று இவள் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. முதல் மனைவி எந்த நாற்காலியில் உட்காருவாள் என்று அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கைக்கு எட்டிய ஒன்றில் உட்கார்ந்தாள். ராட்டினக்காரர் குறுக்குக் கம்பியைப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் சுற்றில் கண்ணை இறுக மூடியிருந்தாள். தரை நழுவியது, வயிற்றுக்குள் எதுவோ மிதந்தது, வெறும் பாதத்தில் பனி ஈரமாக ஒட்டியது. பயம் எப்போது போனதென்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது அது இல்லை. உடம்புக்கு எடையே இல்லை. அந்தப் பக்கம் பனிக்குள் போனால் உலகமே கிடையாது, வெள்ளைதான். இந்தப் பக்கம் வரும்போது பனி கிழிந்து தூண் தெரிந்தது. தூண் பக்கத்தில் இரண்டு பேர். ஒருத்தி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் செருப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. இரண்டு முகமும் அண்ணாந்திருந்தன. அவள் போகிற பக்கமெல்லாம் அந்த முகங்களும் திரும்பின.

இத்தனை வயதுக்கு, அவள் போவதையும் வருவதையும் யாரும் நின்று பார்த்ததில்லை. பட்டறையிலிருந்து எந்நேரம் திரும்பினாலும் அறை பூட்டித்தான் இருக்கும். அழுகை வந்தது. காற்றில் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுப்பக்கம் ஓடியது. இறங்கி வந்து இறங்கி வந்து ஒருத்தி ஏன் மறுபடி மறுபடி ஏறினாள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

“இதுக்குத்தானா அக்கா,” என்றாள் பனிக்குள்.

வெள்ளை அவளை மூடிக்கொண்டது. அதற்குள் போகிற ஒவ்வொரு முறையும், திரும்பி வரும்போது அவர்கள் இருக்கமாட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சுற்றி வந்தாள். இருந்தார்கள். மறுபடி பனி, மறுபடி அந்தப் பயம். சுற்றி வந்தாள். இரண்டு பேரும் அண்ணாந்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.