மூன்றாம் பதிப்பில் ஒரு திருத்தம்

என் கணவர் தத்துவப் பேராசிரியர். காதலைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதி, அதையே திருத்தித் திருத்திக் காலத்தை ஓட்டுகிறவர். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. எனக்குப் புரியும் என்பதால் தட்டச்சு என் தலையில் விழுந்தது.

முதல் பதிப்பில், காதல் என்பது கிடைக்காததன் மேல் வரும் ஏக்கம் என்றார். படித்தவர்கள் உருகிப் போனார்கள். நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத வருடம் அது. இரண்டாம் பதிப்பில் காதல் என்பது பொறுமை என்று மாறியது. எங்கள் மகளுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. மனிதர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே எழுதினார். விமர்சகர்கள் அதில் முதிர்ச்சியைக் கண்டார்கள். நான் தூக்கக் கலக்கத்தைக் கண்டேன்.

மூன்றாம் பதிப்புக்கு இப்படி எழுதியிருந்தார்: "நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குக் காதல் தேவைப்படுவதில்லை. பழக்கம் போதும்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம்.

"இத நான் அடிக்கமாட்டேன்."

"ஏம்மா, பொதுவா சொன்னதுதானே?"

"உங்க பொதுவெல்லாம் இந்த வீட்டுக்குள்ளயேதான சுத்துது?"

ரோஷம் வந்து, தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு நிலையத்துக்குப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார். அங்கிருந்த பெண், "சார், இது எந்த மொழி?" என்று கேட்டாளாம். வெள்ளிக்கிழமை பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"சரி, படிச்சாவது காட்டு. நானே அடிச்சுக்கறேன்" என்று ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படித்துக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்ததும் நாக்கு முரண்டு பிடித்தது. வருடம் முழுக்க இருமுகிறவள் நான். வாய்க்கு வந்ததைப் படித்தேன்: "பக்கத்து அறையில் அவள் இருமினால் என் பேனா நின்றுவிடுகிறது."

அவர் விரல் அப்படியே நின்றது. "இத நான் எழுதலையே."

"எழுதலதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்டு வாங்கப் பார்த்தது போல அவமானமாக இருந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இது தப்பு. நீ இருமினா நான்பாட்டுக்கு எழுதிட்டிருப்பேன். ரொம்ப நேரம் சத்தமே வரலன்னாதான் எழுத்து ஓடாது. எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாதான் அடுத்த வரி வரும். நீ உக்காரு. திருத்தி அடி."