மாடியக்காவின் மதிப்பெண்

பட்டியலுக்கு மண்டை காய்ந்தது. எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் தூக்கம் வராதவள் என்பதால் கல்லூரியில் அவளுக்குப் 'பட்டியல்' என்று பேர். இப்போது அவள் போட்ட கட்டமே அவளைப் பார்த்துச் சிரித்தது. முதல் வாரத் தேர்வில் பூஜ்யம். மூன்றாம் வாரம் எழுபத்தைந்து. நான்காம் வாரம் பத்து. ஆறாம் வாரம் எழுபது. ஏழாம் வாரம் ஐந்து.

கடைசி வருடத்தில் சமூக சேவை என்று ஒரு பாடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, நூற்றுக்கு எண்பது மதிப்பெண் வாங்கவைக்க வேண்டும். வாராவாரம் தேர்வு வைத்துத் திருத்துவதும் மாணவியேதான். வாங்கிவிட்டால் வகுப்பு முடிந்தது, மாணவிக்கும் பாஸ். வாங்காவிட்டால் அடுத்த அரையாண்டு அதே ஆளோடு முதலிலிருந்து ஆரம்பம். பட்டமும் அதுவரை கைக்கு வராது. இவளுக்கு வாய்த்தவர் மூன்று மாடிக்கும் படி துடைக்கும் மாடியக்கா. தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கடைசி அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து படிப்பார்.

"நேத்து 'மரம்' அழகா எழுதினீங்களேக்கா."

"எழுதினேனா? சுத்தமா மறந்துபோச்சும்மா."

சொல்லும்போது முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் இருக்க வேண்டுமே, இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

பேராசிரியரிடம் போனாள். அவர் கட்டத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "படிப்பு ஏறும், இல்லேன்னா ஏறாது. இப்படி ஊஞ்சல் ஆடாது. நீ சொல்லிக்கொடுக்கிறதுலதான் ஏதோ கோளாறு."

சரி, கோளாறு நம்மிடம்தான் என்று படம் வரைந்தாள், அட்டை வெட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. "பாஸாயிடுவேல்ல?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு. வியாழன் காலை சீக்கிரமே வந்தாள். அறிவிப்புப் பலகை முன்னால் வாட்ச்மேன் நின்றிருந்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். பக்கத்தில் மாடியக்கா மாப்புக் கட்டையில் சாய்ந்தபடி விடுமுறைச் சுற்றறிக்கையைக் கடகடவென்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி' என்பதைக்கூட ஒரு திக்கல் இல்லாமல் தாண்டினார்.

பட்டியல் திருதிருவென்று முழித்தாள். மாடியக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேம்மா. உங்க வகுப்புக்கு ஆள் குறையுதுன்னு சூப்பர்வைசர்தான் உக்காரவச்சார். கையெழுத்துப் போடாதே, ரேகை வைன்னார். வச்சேன்."

"அப்ப அந்த பத்து, அஞ்செல்லாம்?"

"எண்பது வாங்கினா வகுப்பு முடிஞ்சிடும்னு நீதானே சொன்னே? நாள் முழுக்க நான் உக்கார்றது அந்த ஒரு மணி நேரந்தான். முட்டி கேக்க மாட்டேங்குது."

"ஒரு நாற்காலி கேட்டா தர மாட்டாங்களா?"

"கேட்டேனே. வேலை நேரத்துல உக்காரக் கூடாதாம்." மாடியக்கா அவள் தோளைத் தட்டினார். "கலங்காதே. நாளைக்கு ஒழுங்கா எழுதிடறேன். உன் படிப்புல மண்ணள்ளிப் போடுவேனா?"

பட்டியலுக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. மாடியக்கா மேலா, சூப்பர்வைசர் மேலா, முழங்காலைத் தினமும் பார்த்துக்கொண்டே அட்டை வெட்டிய தன் மேலா? எட்டு வாரமாக யார் யாருக்குச் சேவை செய்தது? எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது?

வெள்ளிக்கிழமை, இருபது கேள்விக்கும் மாடியக்கா பத்து நிமிடத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். ஒரு பிழை இல்லை. பட்டியல் சிவப்புப் பேனாவை எடுத்தாள். பதினைந்து பதில்கள் வரைக்கும் சரி போட்டாள். அப்புறம் கை தயங்கியது.

வாளியைத் தூக்கப் போன மாடியக்கா தாளை எட்டிப் பார்த்தார். "மரம்னு சரியாத்தானேம்மா எழுதியிருக்கேன்? ஏன் தப்பு போட்டிருக்கே?"

"சரிதான்க்கா."

"அப்புறம்?"

செய்வது நியாயமா, பித்துக்குளித்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கட்டத்தில் எழுபத்தைந்து என்று எழுதினாள்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு," என்றாள். "உக்காருங்கக்கா."